லேட்டா வர்றவன் எல்லாம் சார்லி பார்க்கர் இல்லை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். எங்கள் பேண்டில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். (படிக்க மாட்டார்கள். படித்தாலும் ஐம்பது நிமிடம் லேட்டாகத்தான் படிப்பார்கள்.)

உலகத்தில் எந்தப் பொய்யையும் மன்னித்து விடலாம், "மச்சி, அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்ற ஒன்றைத் தவிர. இதைச் சொல்கிறவன் அந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்று எனக்கு இப்போது மனப்பாடம். போர்வைக்குள் இருப்பான். பின்னணியில் ஃபேன் சத்தம் கேட்கும்.

போன மாதம் பட்ஜெட் பற்றியும் அதற்கு முன்னால் கேன்டீன் சாம்பார் பற்றியும் எழுதிய அதே ஆள்தான் இது. பி.காம். மூன்றாம் வருடம். வாரத்தில் ஐந்து நாள் காஸ்ட் அக்கவுண்டிங், சனிக்கிழமைகளில் ஐந்து பேர் கொண்ட ஒரு ஜாஸ் பேண்டுக்குத் தலைவன். தலைவன் என்றதும் கட்அவுட், பாலாபிஷேகம் என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். பயிற்சி அறைக்கு முன்பணம் கட்டுகிறவன், கேபிள் சுமக்கிறவன், நோட்டேஷனை ஐந்து பிரதி எடுக்கிறவன் (அதில் மூன்று பிரதி பஸ்ஸில் தொலையும்), எல்லோருக்கும் போன் போட்டு எழுப்பி விடுகிறவன், இவை போக மீதி நேரம் இருந்தால் கீபோர்டு வாசிக்கிறவன். அவனுக்குத்தான் தலைவன் என்று பெயர்.

இந்தப் பதிவு எங்கள் பையன்களைத் திட்டுவதற்கு மட்டும் இல்லை. அதை நேரிலேயே செய்து கொண்டிருக்கிறேன், பலன் பூஜ்யம். எனக்குக் கோபம் அவர்களைக் காப்பாற்றுகிற ஒரு சித்தாந்தத்தின் மேல். "கலைஞன்டா, அப்படித்தான் இருப்பான்" என்று ஒரு வசனம் இருக்கிறது பாருங்கள், அதன் மேல். தபால்காரர் வராவிட்டால் புகார் கொடுக்கிறோம், பஸ் லேட்டானால் கண்டக்டரோடு சண்டை போடுகிறோம். சாக்ஸபோன் வாசிக்கிறவன் வராவிட்டால் மட்டும் அவனுக்கு ஒரு ஒளிவட்டம் வந்து விடுகிறது. அதிலும் ஜாஸ் என்றால் ஒளிவட்டம் இரண்டு மடங்கு பெரிது. இதற்குப் பின்னால் இருக்கும் பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து விடலாம்.

முதல் பொய்: "ஜாஸ்னாலே ஃப்ரீயா வாசிக்கறதுதானே, அதுக்கு எதுக்கு ரிகர்சல்?"

இதைச் சொல்கிறவர்களுக்கு ஜாஸும் தெரியாது, ஃப்ரீயும் தெரியாது.

ஒரு சாதாரண ஜாஸ் பாட்டு 32 பார் நீளம். ஒரு பாருக்கு நான்கு அடி என்று கணக்கு வைத்தால் மொத்தம் 128 அடி. நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் வாசித்தால் 48 வினாடியில் ஒரு சுற்று முடிந்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கும். தனி வாசிப்பவர் என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஆனால் அந்த 128 அடிக்குள் எந்த இடத்தில் எந்த கார்ட் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரும் வாய்விட்டு எண்ணுவதில்லை. நான்கு பேர் மனதுக்குள் ஒரே சாலையில் ஒரே வேகத்தில் போய்க் கொண்டிருப்பதால்தான் ஐந்தாவது ஆள் பக்கத்துக் காட்டுக்குள் புகுந்து ஒரு ஆட்டம் போட்டு விட்டுச் சரியான இடத்தில் சாலைக்குத் திரும்ப முடிகிறது.

நம் ஊர் ஆட்களுக்கு இதைப் புரிய வைக்க நான் கஷ்டமே படக் கூடாது. கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்கிறோம். கல்பனா ஸ்வரம் பாடுகிறவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பாடுகிறார். அதனால் மிருதங்கக்காரர் வீட்டில் இருந்தே வாசிக்கலாம் என்று யாராவது சொல்வோமா? கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முகூர்த்தம் முடிந்து பந்தியில் பாயசம் போடும்போது ஒலித்தால் "கலைஞர்னா அப்படித்தான்" என்று மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்களா? நாதஸ்வரக்காரருக்கு ஒரு நியாயம், எங்கள் டிரம்மருக்கு ஒரு நியாயமா?

சரி, ஜாஸிலேயே உச்சக்கட்ட சுதந்திரத்துக்குப் போவோம். சன் ரா என்று ஒருவர் இருந்தார். தான் சனி கிரகத்தில் இருந்து வந்தவன் என்று சொல்லிக் கொண்டவர். பளபளக்கும் அங்கியும் கிரீடமும் போட்டுக் கொண்டு மேடை ஏறுவார், அவருடைய ஆர்கெஸ்ட்ரா திடீரென்று ஐந்து நிமிடம் காட்டுக் கூச்சல் போடும். இதைக் கேட்கிறவர்கள் எந்த ஒழுங்கும் இல்லாத கூட்டம் என்றுதான் நினைப்பார்கள். உண்மை நேர் எதிர். 1968-ல் பிலடெல்பியாவுக்குக் குடிபோன பிறகு அந்த பேண்டின் பெரும்பகுதி ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தது. மணிக்கணக்கில் ரிகர்சல், நேரம் காலம் பார்க்காத ரிகர்சல். சன் ராவுக்குப் பிடித்த வார்த்தை சுதந்திரம் இல்லை, ஒழுக்கம். அவர் 1993-ல் காலமானார். 1958-ல் அந்த பேண்டில் சேர்ந்த மார்ஷல் ஆலன் என்ற சாக்ஸபோன்காரர்தான் பிறகு பல வருடம் அதை நடத்தினார். அவருக்கு 2024 மே மாதம் 100 வயது நிறைந்தது. அந்த வயதிலும் அவர் வாசித்துக் கொண்டிருந்தார். எங்கள் கிடாரிஸ்டுக்கு 20 வயது, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னால் உடம்பு அசதியாம்.

இரண்டாவது பொய்: "பெரிய ஆளுங்க எல்லாம் அப்படித்தான் இருந்தாங்க"

இதுதான் எல்லாப் பொய்களுக்கும் தாய்ப் பொய். இதற்கு ஆதாரமாக உடனே வெளியே வருகிற பெயர் சார்லி பார்க்கர். ஆல்டோ சாக்ஸபோனில் உலகத்தையே புரட்டிப் போட்டவர். அவர் கச்சேரிக்கு வராமல் இருந்தார், வாத்தியத்தை அடகு வைத்தார், ஏர்ல் ஹைன்ஸ் பேண்டில் இருந்தபோது மேடையிலேயே தூங்கினார் என்று கதை கதையாகச் சொல்வார்கள். எல்லாம் ஏறக்குறைய உண்மைதான். யாருமே சொல்லாத மீதிக் கதையை நான் சொல்கிறேன்.

1945 டிசம்பரில் டிஸ்ஸி கில்லெஸ்பி தன் பேண்டைக் கூட்டிக் கொண்டு நியூயார்க்கில் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். பில்லி பெர்க்ஸ் என்ற கிளப்பில் பல வாரக் கச்சேரி. ஒப்பந்தம் ஐந்து பேருக்கு. கில்லெஸ்பி கூட்டிப் போனதோ ஆறு பேர். ஏன்? பார்க்கர் எந்த ராத்திரி வருவார், எந்த ராத்திரி வர மாட்டார் என்று தெரியாது. அவர் வராவிட்டாலும் மேடையில் ஐந்து பேர் இருக்க வேண்டுமே! அதற்காக வைப்ரஃபோன் வாசிக்கும் மில்ட் ஜாக்சனை ஆறாவது ஆளாக அழைத்துப் போனார். காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது இன்சூரன்ஸ் பிரீமியம். ஒருவரின் மேதைமைக்கு இன்னொருவர் மாதாமாதம் கட்டுகிற பிரீமியம். கடைசியில் ஊர் திரும்பும் நேரத்தில் பார்க்கர் தன்னுடைய டிக்கெட்டை விற்றுக் காசாக்கி விட்டு அங்கேயே தங்கி விட்டார். மற்றவர்கள் அவர் இல்லாமலே திரும்பினார்கள்.

பார்க்கரைப் பற்றி எத்தனை புத்தகம், எத்தனை படம்! அந்த ஆறாவது டிக்கெட்டுக்குக் கணக்குப் போட்ட ஆளின் தலைவலியைப் பற்றி யார் பாடினார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்க்கர் வராமல் போனது ஸ்டைலுக்காக இல்லை. சின்ன வயதிலேயே ஹெராயின் பிடித்துக் கொண்டது. 1946-ல் உடைந்து போய் ஆறு மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தார். அவர் பெயரையே வைத்துத் தொடங்கப்பட்ட பேர்ட்லேண்ட் கிளப்பிலேயே கடைசியில் அவருக்குத் தடை போட்டார்கள். 1955 மார்ச்சில் இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று நினைத்தார். அது ஒரு நோய், ஒரு துயரம். அந்தத் துயரத்தைக் காட்டி, முந்தின ராத்திரி மூன்று மணி வரை கேம் ஆடிவிட்டுத் தூங்கினவன் தனக்கு லைசென்ஸ் கேட்கிறான். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

அதே பார்க்கர் இளம் வயதில் மூன்று நான்கு வருடம் தினமும் 11 முதல் 15 மணி நேரம் பயிற்சி செய்ததாக ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவரிடம் இருந்து நம் ஆட்கள் கற்றுக் கொண்டது அதை இல்லை. லேட்டாக வருவதை மட்டும். பாட்டெழுதுவதை விட்டுவிட்டு பாரதியாரிடம் இருந்து முண்டாசு கட்ட மட்டும் கற்றுக் கொண்ட மாதிரி.

அடுத்து ஜான் கோல்ட்ரேன். மைல்ஸ் டேவிஸின் பேண்டில் இருந்தார். போதையில் மேடைக்கு வருவது, கசங்கின சட்டையோடு நிற்பது, சரியாக வாசிக்காமல் விடுவது என்று போய்க் கொண்டிருந்தது. 1957-ல் மைல்ஸ் அவரை வேலையை விட்டே அனுப்பினார். மைல்ஸும் அதே பழக்கத்தில் சில வருடம் விழுந்து எழுந்தவர்தான். அப்படியும் அனுப்பினார். பிறகு என்ன ஆனது? கோல்ட்ரேன் ஹெராயினை விட்டார். அதே வருடம் தெலோனியஸ் மாங்க்கோடு ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மாதக்கணக்கில் வாசித்தார். 1958-ல் மைல்ஸிடமே திரும்பினார், 1959-ல் கைண்ட் ஆஃப் ப்ளூ வந்தது. நம் எல்லோருக்கும் தெரிந்த கோல்ட்ரேன் தெளிந்து ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு உருவான கோல்ட்ரேன். நம்பகமின்மை அவரை மேதையாக்கவில்லை. அது தீர்ந்த பிறகுதான் மேதைமை முழுசாக வெளியே வந்தது. இந்தக் கதையை மட்டும் யாரும் உதாரணம் காட்ட மாட்டேன் என்கிறார்கள், ஏன் என்று யோசியுங்கள்.

மூன்றாவது ஆயுதம்: "எலிங்டன் எதையும் கண்டுக்கவே இல்லையே?"

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் இதைக் கொண்டு வருவார்கள். ட்யூக் எலிங்டன் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஒரு பெரிய பேண்டை நடத்தியவர். அவருடைய ஆட்கள் நினைத்த நேரத்துக்கு மேடைக்கு வருவார்கள், சிலர் குடித்து விட்டு வருவார்கள், சிலர் ஒருவரோடு ஒருவர் பேசவே மாட்டார்கள். 1956 ஜூலை 7 அன்று நியூபோர்ட் விழாவில் பேண்ட் முதலில் மேடை ஏறியபோது ஆட்கள் சிலர் வந்தே சேரவில்லை. இரண்டு மூன்று பாட்டோடு இறங்கி விட்டு ராத்திரி வெகுநேரம் கழித்து மறுபடி ஏறினார்கள். அப்போதுதான் பால் கோன்சால்வெஸ் டெனர் சாக்ஸபோனில் ஒரே மூச்சாக 27 சுற்று வாசித்து, கூட்டத்தை நாற்காலி மேல் ஏற்றி ஆட வைத்தார். சரித்திரமே ஆகி விட்டது. "பாத்தியா, லேட்டா வந்தாலும் கலக்கிட்டாங்க" என்பார்கள்.

நானும் கேட்கிறேன். அந்த 27 சுற்று என்பது 12 பார் ப்ளூஸ். 27-ஐ 12-ஆல் பெருக்கினால் 324 பார், ஏறக்குறைய 1,300 அடி. அவ்வளவு நேரமும் டிரம்ஸில் சாம் வுட்யார்டும் பேஸில் ஜிம்மி வுட்டும் ஒரு அடி பிசகாமல் தாங்கிப் பிடித்தார்களே, அவர்கள் பேர் உங்களுக்குத் தெரியுமா? கோன்சால்வெஸ் பறந்தார் என்றால் கீழே ஓடுதளம் இருந்தது.

எலிங்டனின் பொறுமைக்கு ஒரு விலையும் இருந்தது. பெரிய பேண்டுகள் எல்லாம் காசில்லாமல் கலைந்த காலத்திலும் அவர் தன் பாட்டுகளில் இருந்து வந்த ராயல்டி பணத்தை எடுத்து பேண்டுக்குச் சம்பளம் கொடுத்துக் கொண்டிருந்தார். தன் தலையில் இருந்த இசையை மறுநாளே கேட்பதற்காக அவர் கொடுத்த விலை அது. என்னிடம் ராயல்டி இல்லை. அப்பா கொடுக்கிற பாக்கெட் மணிதான் இருக்கிறது. அதுவும் "செமஸ்டர் மார்க் என்ன ஆச்சு" என்ற கேள்வியோடு சேர்ந்துதான் வரும்.

அந்தப் பொறுமைக்கும் எல்லை இருந்தது. 1953-ல் சார்ல்ஸ் மிங்கஸ் சக கலைஞரோடு சண்டை போட்டதால் வெளியே அனுப்பப்பட்டார். 1963-ல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் எலிங்டன் பேண்ட் ஆசியப் பயணம் வந்தது, நம் மெட்ராஸுக்கும் வந்தது. அந்தப் பயணத்தில் இருபது வருடத்துக்கும் மேல் கூட இருந்த டிரம்பெட், வயலின் கலைஞர் ரே நான்ஸ் நடத்தை சரியில்லை என்று ஆரம்பத்திலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆக எதையுமே கண்டு கொள்ளாத எலிங்டன் என்பவர் நம் பையன்களின் கற்பனையில் மட்டும்தான் இருக்கிறார்.

தலைவன் நிஜமாகவே எதையும் கண்டு கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் உதாரணம். 1920-களில் நியூயார்க்கின் அற்புதமான பேண்ட் அவருடையது. லூயி ஆர்ம்ஸ்ட்ராங், கோல்மன் ஹாக்கின்ஸ் எல்லாம் வாசித்த இடம். மனிதர் நல்லவர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். 1928-ல் ஒரு கார் விபத்து, அதற்குப் பிறகு நிர்வாகத்தில் பிடிப்பு இன்னும் தளர்ந்தது என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். லேட்டாகத் தொடங்குவது, சுருதி சேராமல் வாசிப்பது, ஆட்கள் கழன்று போவது. 1934-ல் பேண்ட் கலைந்தது. அவர் எழுதி வைத்த அதே இசை அமைப்புகளை பென்னி குட்மன் வாங்கினார், தேயத் தேய ரிகர்சல் பார்த்தார், 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் பாலோமர் அரங்கில் வாசித்து நாடு முழுக்கப் பெயர் வாங்கினார். இதில் நிறவெறிக்குப் பெரிய பங்கு உண்டு, மறைக்கக் கூடாது. வெள்ளைக்காரரான குட்மனுக்குத் திறந்த ரேடியோவும் ஹோட்டலும் கறுப்பரான ஹெண்டர்சனுக்குத் திறக்கவில்லை. ஆனால் கதவு ஏற்கெனவே பாதி மூடியிருக்கிறவனுக்குத்தான் உள்ளே இருக்கிற ஆட்கள் சரியாக இருப்பது இன்னும் அவசியம். பின்னாளில் ஹெண்டர்சனின் பதிவுகளை ஒரு தொகுப்பாக வெளியிட்டபோது கம்பெனி வைத்த தலைப்பு: எ ஸ்டடி இன் ஃப்ரஸ்ட்ரேஷன். வெறுத்துப் போனதின் ஆய்வு. இதற்கு மேல் என்ன சொல்ல!

இப்போது கொஞ்சம் கணக்கு

பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் தூங்கினவர்கள் இங்கே மட்டுமாவது விழித்திருக்கவும்.

ஒரு பேண்டில் ஐந்து பேர். ஒவ்வொருவனும் பத்து ரிகர்சலில் எட்டுக்குச் சரியான நேரத்துக்கு வருகிறான் என்று வைத்துக் கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, 80 சதவீதம், ஃபர்ஸ்ட் கிளாஸ் டிஸ்டிங்ஷன். ஒவ்வொருவனும் மற்றவனைக் கேட்காமல் தனித்தனியாகச் சொதப்புகிறான் என்றும் வைத்துக் கொள்வோம். ஐந்து பேரும் ஒரே நாளில் சரியான நேரத்தில் இருக்கும் வாய்ப்பு என்ன? 0.8-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 33 சதவீதம்! மூன்று ரிகர்சலில் ஒன்றுதான் உருப்படியாக நடக்கும். ஒவ்வொருவனும் 90 சதவீதம் என்றால்கூட 59 சதவீதம்தான். எலிங்டன் மாதிரி 15 பேர் பேண்ட் என்றால், எல்லோரும் 90 சதவீதம் ஒழுங்கு என்று வைத்தாலும், ஐந்து நாளில் ஒரு நாள்தான் முழு பேண்ட் இருக்கும்.

ஆகவே "நான் ஒருத்தன்தானே, எப்பவோ ஒரு தடவைதானே" என்கிறவன் தனித்தனியாகப் பார்த்தால் நல்லவன். பெருக்கிப் பார்த்தால் வில்லன்.

அடுத்து நேரம். பயிற்சி அறை வாடகை மணிக்கு 400 ரூபாய், மூன்று மணி நேரம் எடுத்தால் 1,200. ஒருவன் 50 நிமிடம் லேட் என்றால் 333 ரூபாய் காற்றில் போச்சு. அது பரவாயில்லை. மற்ற நான்கு பேரின் 50 நிமிடம் சேர்ந்தால் 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். ஒருவன் கூடுதலாகத் தூங்கின 50 நிமிடத்துக்கு நான்கு பேர் சேர்ந்து ஒரு முழுப் படம் பார்க்கிற நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவன் வந்து கேட்பது என்ன தெரியுமா? "ஏன்டா இன்னும் ஆரம்பிக்கலை?"

நல்ல பணம் எங்கே போகிறது?

பொருளாதாரத்தில் கிரெஷாம் விதி என்று ஒன்று படித்திருப்போம். கெட்ட பணம் நல்ல பணத்தைப் புழக்கத்தில் இருந்து துரத்தி விடும். இரண்டுக்கும் ஒரே முகமதிப்பு என்று சட்டம் சொன்னால், கலப்படமில்லாத நாணயத்தை வைத்திருப்பவன் அதைப் பெட்டிக்குள் பூட்டி விடுவான். சந்தையில் சுற்றுவது கலப்பட நாணயம் மட்டும்தான். பேண்டிலும் இதுதான் நடக்கிறது. நேரத்துக்கு வருவதற்கும் லேட்டாக வருவதற்கும் ஒரே மரியாதை என்றால் நேரத்துக்கு வருகிறவர் எத்தனை நாள் வருவார்?

எங்களுக்கு பேஸ் கிடார் வாசித்த பெண் ஒரு ஜூனியர். இரண்டு பஸ் மாறி வருவாள், தன் உயரத்துக்கு ஒரு பையை முதுகில் மாட்டிக் கொண்டு. நான்கு மணி என்றால் மூன்று ஐம்பதுக்கு வாசலில் நிற்பாள். வீட்டில் அவளுக்குக் கொடுத்த நேரம் இரவு எட்டரை வரை, அதுவே அம்மாவிடம் மாதக்கணக்கில் போராடி வாங்கினது. ரிகர்சல் ஐந்துக்குத் தொடங்கினால் பையன்கள் எட்டு வரை இழுப்பார்கள், அவளால் முடியாது. ஏழு மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும். ஆக லேட்டாக வந்தவன் ஆற அமர வாசிப்பான், சீக்கிரம் வந்தவள் பாதியில் எழுந்து போவாள். "சீக்கிரம் போயிடறாளே, டெடிகேஷன் இல்லையே" என்று அவளைப் பற்றி ஒருவன் சொன்னான் பாருங்கள், அவன் அன்றைக்கு வந்தது ஐந்து பத்துக்கு.

போன செமஸ்டரோடு விலகி விட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. "அண்ணா, எனக்கு ஜாஸ் ரொம்பப் பிடிக்கும். காத்துக்கிட்டு உட்கார்றதுதான் பிடிக்கலை" என்று மட்டும் சொன்னாள். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இதனால்தான் இந்த விஷயத்தை நகைச்சுவையாக விட மனசு வரவில்லை. வராதவனால் ஒரு ரிகர்சல் கெடுகிறது, அதைத் தாங்கிக் கொள்ளலாம். வருகிறவரை அவன் துரத்தி விடுகிறானே, அதைத் தாங்கிக் கொள்ள முடியாது. ஊரடங்கு நேரம் போட்ட வீடுகளில் இருந்து வருகிறவர்கள், பார்ட் டைம் வேலைக்குப் போகிறவர்கள், தூரத்தில் இருந்து வருகிறவர்கள், இவர்களிடம் உபரி நேரம் இல்லை. மற்றவர்களின் சோம்பலுக்கு முதலில் பலியாவது இவர்கள்தான். பைக் வைத்திருக்கிறவனுக்கும் யாரும் கேள்வி கேட்காத வீட்டுப் பிள்ளைக்கும்தான் "ஃப்ரீயா" இருக்கிற சுதந்திரம். கலையின் சுதந்திரம் என்ற பெயரில் நடப்பது பச்சையான வசதி.

"நீ என்ன சம்பளமா குடுக்கறே?"

கேட்பார்கள் என்று தெரியும். நியாயமான கேள்வியும்கூட. சம்பளம் இல்லை. அதனால்தான் தேர்வு நேரத்தில் ரிகர்சல் வைப்பதில்லை, தேதியைப் பத்து நாள் முன்னாலேயே சொல்கிறேன், அறை வாடகையில் பெரும்பங்கு நானே போடுகிறேன். காய்ச்சல், தாத்தாவுக்கு ஆஸ்பத்திரி, அரியர் பேப்பர், யாருக்குத்தான் இல்லை? வர முடியாமல் போவது குற்றமே இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். வாட்ஸப்பில் இரண்டு நீல டிக் தெரிகிறது, பதில் மட்டும் வராது. காலையில் "டா, இன்னிக்கு முடியாது" என்று மூன்று வார்த்தை போட்டால் நான் வேறு ஆளைப் பிடிப்பேன், இல்லையென்றால் பேஸும் கீபோர்டும் மட்டும் உட்கார்ந்து ஒரு பாட்டைத் தேற்றுவோம். மாற்று ஆள் என்பதில் அவமானமும் இல்லை. 1963-ல் எல்வின் ஜோன்ஸ் சில மாதம் வர முடியாத நிலையில் இருந்தபோது கோல்ட்ரேன் ராய் ஹெய்ன்ஸை வைத்து வாசித்தார், எல்வின் திரும்பியதும் அவர் இடம் அவருக்காக இருந்தது. அடுத்த வருட டிசம்பரில் பதிவான ஆல்பம்தான் எ லவ் சுப்ரீம்.

"பிஸிடா" என்கிறவர்களுக்காக ஒரு கடைசி தகவல். 1966 பிப்ரவரியில் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் நியூயார்க் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் ஒரு பெரிய பேண்டைத் தொடங்கினார்கள். ஆட்கள் எல்லோரும் ஸ்டூடியோ, டிவி என்று பகல் முழுக்க ஓடுகிறவர்கள். எல்லோருக்கும் தோதான ராத்திரி திங்கட்கிழமை என்பதால் திங்கட்கிழமை வாசித்தார்கள். கிடைத்த பணம் வண்டிக் கூலிக்கே பத்தாத அளவு. அடுத்த திங்களும் வந்தார்கள். அதற்கடுத்த திங்களும் வந்தார்கள். தாட் ஜோன்ஸ் விலகிப் போனார், மெல் லூயிஸ் 1990-ல் இறந்தார், பேண்ட் பெயரை மாற்றிக் கொண்டு அதே கிளப்பில் அதே திங்கட்கிழமை ஐம்பது வருடம் தாண்டியும் தொடர்ந்தது. அந்த நகரத்திலேயே பிஸியான ஆட்கள் அவர்கள்தான்!

பேருக்குப் பின்னால் "ஜாஸ் மியூசிஷியன்" என்று இன்ஸ்டாகிராமில் போட்டுக் கொள்வது சுலபம். வந்து நிற்பதுதான் கஷ்டம். திறமை என்பது மேடைக்கு வந்த பிறகு ஆரம்பிக்கிற விஷயம். வராதவனின் திறமை எவ்வளவு என்று கேட்டால் என் காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பு சொல்லும் பதில்: பூஜ்யம், வாடகை கழித்தால் மைனஸ் 333.

ஆகவே சகல திறமைசாலிகளுக்கும் அறிவிப்பு. வரும் சனிக்கிழமையில் இருந்து நான்கு மணிக்கு முதல் பாட்டு. நான்கு ஐந்துக்கு இல்லை, நான்குக்கு. யார் இருக்கிறார்களோ அவர்களோடு தொடங்குவேன். இரண்டு பேர் என்றால் டூயட், ஒருவரும் இல்லை என்றால் தனி கீபோர்டு. இரண்டு முறை சொல்லாமல் வராதவர் இடத்துக்கு வேறு ஆள். சரியாக ஏழுக்கு விளக்கணைப்பு, யாரும் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்காது. இந்த மூன்றையும் அந்த ஜூனியருக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன். "பாக்கலாம்ணா" என்று பதில் வந்திருக்கிறது.

அனுப்பின இரண்டாவது நிமிடத்தில் வந்தது.